கஜாவில் பறந்த கொட்டகைக்கு வரி

2022 ஏப்ரல் 2
சொத்து வரி ஏறுகிறதாம், காலைப் பேப்பரில் முதல் பக்கம். எங்கள் ஊர் போன்ற நகராட்சிகளில் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. நம் வீடு 1800-ஐத் தாண்டாது என்று அம்மா அடித்துச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 16
தாண்டிவிட்டது. நோட்டீஸில் 1,836 சதுர அடி. அரையாண்டுக்கு 1,480 ரூபாய் கட்டிவந்தோம், இனி 2,960. 75 சதவீதம் என்றால் 2,590தான். "370 ரூபாய்க்காகவா லீவு போட்டு அலையப் போறே?" என்று தம்பி போனில் சிரித்தான். இந்த அரையாண்டோடு முடிகிற கணக்கா இது?

ஆகஸ்ட் 21, ஞாயிறு
கொத்தனாரிடம் டேப் இரவல் வாங்கி அளந்தேன். சுவருக்கு வெளிப்புறமாக அளக்க வேண்டும். உள்ளே அளந்தால் குறைவாகத்தான் வரும், அந்தக் கணக்கு அலுவலகத்தில் எடுபடாது. கீழே 38-க்கு 26, மாடி 30-க்கு 26. மூன்று தடவை அளந்தும் 1,768தான். மிச்சம் 68 எங்கே?

அம்மாதான் கண்டுபிடித்தார். கொல்லையில் அப்பா ஷீட் போட்டுக் கட்டிய கொட்டகை, எட்டரைக்கு எட்டு. சரியாக 68! 2018 நவம்பர் 16 விடியலில் அதன் ஷீட்டுகள் தென்னந்தோப்பில் கிடந்தன, சுவரும் சாய்ந்திருந்தது. "கொட்டகைய புயல் கொண்டுபோச்சு, வரிய நம்ம தலையில வச்சிட்டுப் போயிடுச்சு" என்றார்.

ஆகஸ்ட் 22
மனு கொடுத்தேன். கூடவே கையால் போட்ட வரைபடம், பழைய ரசீது, நிவாரணத்துக்காக அப்போது எடுத்த போட்டோ. எழுத்தர் கேட்ட ஒரே கேள்வி: "நாலு வருஷமா ஏன் சொல்லலை?" நியாயமான கேள்விதான், பதில் இல்லை. இடித்தாலும் இடிந்தாலும் நாம் எழுதிக் கொடுத்தால்தான் பதிவேட்டில் கழிப்பார்களாம். இப்போதைக்கு முழுத் தொகையைக் கட்டிவிடுங்கள், கூடுதலாகக் கட்டியது அடுத்த அரையாண்டில் கழியும் என்றார். கட்டினேன். மனுவின் நகலில் சீல் வாங்க மட்டும் அரை மணி நேரம்.

செப்டம்பர் 6
இரண்டு பேர் வந்து அளந்தார்கள். கொல்லையில் இப்போது வாழைதான் நிற்கிறது. அம்மா ஒரு சீப்பு கொடுக்கப் போனார். நான் கண்ணைக் காட்டித் தடுத்தேன். லஞ்சம் என்று ஆகிவிட்டால்? வந்தவர்களுக்கு மோர் மட்டும்.

அக்டோபர் 12
ஆன்லைனில் பார்த்தேன். 1,768 என்று மாறியிருக்கிறது, 75 சதவீதப் படிதான். கொட்டகைக்கான பழைய வரியும் கொஞ்சம் கழிந்திருக்கிறது. கூடுதலாகக் கட்டியதும் வரவில் ஏறிவிட்டது.

இரவு சாப்பிடும்போது அம்மா மெதுவாகக் கேட்டார்: "மழைக்கு முன்னாடி அங்கயே ஒரு கொட்டகை போட்டுடலாமா? துணி காயப்போட இடமில்லை."

1800-க்கு இன்னும் 32 சதுர அடி பாக்கி. எட்டுக்கு நாலு என்றேன். அது பரணுக்குத்தான் ஆகும் என்று எழுந்து போய்விட்டார்.