மணிக்கணக்கு நோட்டு

மார்ச் 4, செவ்வாய்
லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட்டுக்கு அம்மாவை எப்படிக் கீழே இறக்குவது?

மார்ச் 5, புதன்
நாலாம் மாடி அண்ணன் நோட்டோடு வந்தார், எங்கள் பிளாட்டில் யார் யாருக்கு எத்தனை மணி நேரம் உதவினார்கள் என்று கணக்கு எழுதுகிற நோட்டு. உதவி செய்தால் வரவு, வாங்கினால் கடன். "ரெண்டு பையன்கள் நாற்காலியோட தூக்கிடுவாங்க, கவலைப்படாதே தங்கச்சி." டியூஷன் சொன்னாலும் ஒரு மணி, குழாய் மாட்டினாலும் ஒரு மணி, சும்மா துணைக்கு உட்கார்ந்தாலும் ஒரு மணிதான். வயரிங் செய்கிற மாமா மட்டும் முணுமுணுக்கிறாராம், வெளியே தன் ஒரு மணிக்கு என்ன விலை தெரியுமா என்று. தெரியும். அவர் தாயாரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறவரும் வெளியே கிராப் வாடகைக் கார் ஓட்டிச் சம்பாதிக்கிறவர்தானே!

மார்ச் 6, வியாழன்
அம்மா வரமாட்டாராம். "ஊரான் தோள்ல ஏறி நான் எங்கயும் வரல." சாப்பிடவும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி
போய்விட்டு வந்தாயிற்று. பையன்கள் புவாசா வேறு, ரமலான் நோன்பு, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் தூக்கினார்கள். அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை.

நம்பர் கூப்பிடும்வரை போனில் எட்கர் கான் பற்றிப் படித்தேன். அமெரிக்க வக்கீல். 1980இல் மாரடைப்பு வந்து படுத்திருந்தபோது, இனி யாருக்கும் உதவாதவனாகிவிட்டோமே என்று நொந்துபோயிருக்கிறார், அங்கேதான் இந்த மணிக்கணக்கு யோசனை பிறந்ததாம். அவருக்கு முன்பே, 1973இல், ஒசாகாவில் தெருகோ மிசுஷிமா என்ற பெண்மணி இதே மாதிரி ஒன்று தொடங்கியிருக்கிறார். அம்மாவிடம் சொன்னால் வெள்ளைக்காரன் கதை எதற்கு என்பார். சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்
நோட்டில் எங்கள் பக்கம் முழுக்கக் கடன். அம்மாவுக்குத் தூக்கமில்லை, "எத்தனை மணி ஆச்சு" என்று கேட்டால் கடிகாரத்தைக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

மார்ச் 12, புதன்
இரண்டாம் மாடி மலாய்க்கார அம்மா, எங்களுக்கு மக்சிக், பாஜு குரோங் சட்டை தைக்கிற துணியோடு ஏறி வந்தார். கோலாலம்பூர் செந்தூல் பக்கத் தையல் கடைகளில் இனி ராயா (நோன்புப் பெருநாள்) துணி வாங்கமாட்டார்களாம், கழுத்துக்குத் துலாங் பெலுட் என்கிற கைத்தையல் போட ஆளில்லை. அம்மா கண்ணாடி கேட்டார். முதுகுக்குத் தலையணை கேட்டார். ஊசி ஒவ்வொரு முறையும் நூலைச் சுற்றிக்கொண்டு வர, கழுத்து வளைவு நெடுக ஒரே அளவில் மேடு மேடாக எழும்பியது, கை நடுங்கவே இல்லை. மக்சிக் மூன்று மணி என்று எழுதச் சொல்கிறார், அம்மா இரண்டுதான் என்கிறார், பேசின நேரத்தைக் கழிக்கணுமாம். மலாயில் நல்ல சண்டை.

மார்ச் 14, வெள்ளி
இன்னும் இரண்டு துணி வந்திருக்கிறது. லிஃப்ட் ஆள் பார்த்துவிட்டு, சாமான் இல்லை என்று போய்விட்டான். அடுத்த அப்பாயின்ட்மென்ட் ராயா வாரத்தில். பையன்கள் கம்போங்குக்கு, சொந்த ஊருக்கு, போய்விட்டால் யார் தூக்குவது, அண்ணனிடம் இன்றே கேட்கவேண்டும்.