பதினான்கு கட்டங்களும் ஒரு தீபாவளியும்

முதல்முறை வரவு செலவுத் திட்டம் போட்டபோது என் மடிக்கணினியில் பதினான்கு கட்டங்கள். காப்பிக்கு ஒன்று, துணிமணிக்கு ஒன்று, ‘இதர’ என்று ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வேறு. மூன்றாம் வாரத்தில் அந்தக் கோப்பைத் திறக்கவே பயமாகிவிட்டது.

தப்பு முதல் வரியிலேயே இருந்தது. மாதச் சம்பளம் 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று எழுதியிருந்தேன். அதில் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு 20 விழுக்காடு, அதாவது 640 வெள்ளி போய்விடும். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு 7 வெள்ளி. கைக்கு வருவது 2,553. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடமாகியும் இந்த எண் எனக்கு மனப்பாடமில்லை!

கட்டங்களை அழித்துவிட்டு, ஒரு மாதம் செலவை எழுத மட்டும் செய்தேன். கைபேசி உறைக்குள் ரசீதுகளை மடித்து வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தால் பாதியில் எழுத்தே மங்கியிருக்கும். அப்புறம் வாங்கிய இடத்திலேயே நின்று கைபேசியில் குறித்துக்கொள்ளப் பழகினேன். காசெல்லாம் காப்பிக்கடையில்தான் கரைகிறது என்று நினைத்திருந்தேன். கூட்டிப் பார்த்தால் அது நாற்பது வெள்ளியைத் தாண்டவில்லை. ஓட்டை வேறு இடத்தில்: இரவு வேலை முடிந்து ராஃபிள்ஸ் பிளேசிலிருந்து யீஷூனுக்கு வாடகைக் கார். ஒரு பயணம் 25 வெள்ளி, அந்த மாதம் ஒன்பது முறை. அதே வழியில் ரயில் நேராக ஓடுகிறது, மாறி ஏறக்கூட வேண்டாம். அசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணத்துக்கு 225 வெள்ளி.

அதைக் குறைத்ததும் இரண்டு மாதம் நன்றாகப் போனது. அப்புறம் தீபாவளி வந்தது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் புடவை, கேம்பல் லேன் சந்தையில் விளக்கு, சொந்தக்காரப் பிள்ளைகளுக்குப் பண உறை. ஒரே மாதத்தில் 700 வெள்ளி. சேமிப்பில் கைவைத்தேன்.

“திடீர்ச் செலவும்மா” என்று அலுத்துக்கொண்டேன். அடுப்பில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னார்: “தீபாவளி என்னடி திடீர்னு வருது? வருஷா வருஷம் வர்றதுதானே.”

அன்றிரவு ஒரு தாளில் வருடத்துக்கு ஒருமுறை வருகிறவற்றை எழுதினேன். தீபாவளி 700, தஞ்சாவூர்ப் பயணம் 1,000, கல்யாண அன்பளிப்புகள் 600, வீட்டுப் பிறந்தநாட்கள் 300, பல் மருத்துவர் 200, வருமான வரிக்கு 200. மொத்தம் 3,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 250. நான் இதுவரை போட்ட கணக்குகளில் உருப்படியானது இதுதான். காப்பியை எண்ணிக்கொண்டிருந்த பதினான்கு கட்டங்களில் இதற்கு இடமே இருந்ததில்லை.

இப்போது சம்பளம் வந்த மறுநாளே வங்கி தானாகப் பிரித்துவிடுகிறது. அம்மாவிடம் 500, சேமிப்புக்கு 500, அந்த 250 தனிக் கணக்கில். கல்விக் கடன், காப்புறுதி, கைபேசிக் கட்டணம் சேர்த்து 403. மிச்சம் 900. அதிலிருந்து ஞாயிறுதோறும் 200 வெள்ளியைச் செலவுக் கணக்குக்கு மாற்றுகிறேன். சாப்பாடு, ரயில், சினிமா எல்லாம் அதற்குள். எதற்கு எவ்வளவு என்று பிரிப்பதில்லை. வியாழக்கிழமையே தீர்ந்துவிட்டால் வெள்ளிக்கிழமை அம்மாவின் தயிர்சாதம். மாதத்துக்கு ஒரு முறையாவது அந்தத் தயிர்சாதம் உண்டு.

வாடகைக் காரை முழுதாக விட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன். மழை பெய்தால் ஏறிவிடுகிறேன்.

கல்யாணம் நான்கு, ஒன்றுக்கு 150 என்றுதான் அந்த 600 வெள்ளியைப் போட்டிருந்தேன். இன்னும் ஜூன்கூடப் பிறக்கவில்லை, குளிர்பதனப் பெட்டிக் கதவில் மூன்று பத்திரிகைகள் ஒட்டியாகிவிட்டது. நான்காவது வந்தால் சமாளித்துவிடலாம். ஐந்தாவது யார் வைத்திருக்கிறார்கள் என்றுதான் அம்மாவைத் துருவிக்கொண்டிருக்கிறேன்.