உருளைக்கிழங்கில் வளர்த்த குளவி

நம் முன்னாள் மாணவர் சங்கக் கூட்டங்களில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், இப்போதெல்லாம் காப்புரிமை எத்தனை, ஸ்டார்ட்அப் எத்தனை என்றுதான் கணக்குப் போகிறது. போகட்டும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் நான் பல்கலைக்கழகம் இருக்கும் லாலி ரோட்டில் படித்த காலத்தில் கொங்கு நாட்டுக்குப் பல்கலைக்கழகம் மிச்சப்படுத்திக் கொடுத்த பெரும் பணம் எந்தக் காப்புரிமையிலும் வரவில்லை. ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத குளவி ஒன்றால் வந்தது.

2005-இல் இளங்கலை சேர்ந்தவன் நான். கடைசி வருடம் ‘ராவே’ என்கிற கிராமப்புற வேளாண் அனுபவப் பயிற்சிக்குக் கிராமத்தில் போய்த் தங்கினோம். பப்பாளியைப் பழமாக மட்டுமே பார்த்திருந்த எனக்கு, பால் எடுப்பதற்கென்றே பப்பாளி போடுகிறார்கள் என்பது அங்கேதான் தெரிந்தது. விடிந்தும் விடியாமலும் ஆட்கள் தோட்டத்துக்குள் போவார்கள். குச்சி நுனியில் பிளேடு கட்டியிருக்கும். காம்புப் பக்கத்திலிருந்து கீழ்வரை பச்சைக் காயில் நாலு கீறல், மேல்தோல் மட்டும் கிழிகிற அளவுக்கு. குடையைக் கவிழ்த்துப் பிடித்தாற்போல மரத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளில் பால் சொட்டும். வெயில் ஏறிவிட்டால் பால் வராது. கையில் பட்டால் தோல் எரியும். இந்தப் பாலைக் காயவைத்து எடுப்பதுதான் பப்பேன். மருந்துக்குப் போகும், இறைச்சியை மிருதுவாக்கப் போகும், பீர் கலங்காமல் இருக்கவும் போகும். அதிகம் பால் தரும் கோ 2, கோ 5 ரகங்கள் நம் பல்கலைக்கழகம் கொடுத்தவை. ரகம் இருந்ததால் ஆலை வந்தது, ஆலை வந்ததால் ஒப்பந்தச் சாகுபடி வந்தது.

அந்த வருடம், 2008-இல்தான் பப்பாளி மாவுப்பூச்சியும் வந்தது. இந்தியாவில் அதை முதலில் கண்டதே கோயம்புத்தூரில்தான். மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. இலையடி, காய், தண்டு என்று வெள்ளைப் பஞ்சாக அப்பிக்கொள்ளும். அது கழிக்கிற தேன்பாகில் கரும்பூசணம் படர்ந்து மரமே கறுத்துப்போகும். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. பப்பாளியோடு நிற்கவுமில்லை. குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி, வேலியோரப் பார்த்தீனியம் என்று எல்லாவற்றிலும் ஏறியது.

மல்பெரிக்காரர்கள் பாடுதான் பெரும்பாடு. நான் முதுகலை பூச்சியியலில் இருந்தபோது ஒரு பட்டு விவசாயி எங்களிடம் கேட்டார்: “ஏனுங் தம்பி, மருந்தடிச்சா புழு சாவுது, அடிக்காம உட்டா செடி சாவுது. நான் எதைங் காப்பாத்தறது?” மருந்து பட்ட தழையைத் தின்றால் பட்டுப்புழு பிழைக்காது. சில தோட்டங்களில் செடியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

இந்தப் பூச்சி சொந்த ஊரில் ஏன் இவ்வளவு ஆட்டம் போடுவதில்லை? அங்கே அதைத் தின்று அடக்க எதிரிகள் உண்டு, இங்கே வந்தபோது தனியாக வந்துவிட்டது. அந்த எதிரியைத் தேடிப் போனதுதான் அடுத்த வேலை. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சிகள் பணியகம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்தது. அவற்றில் அசரோபேகஸ் பப்பாயே என்பதுதான் நம் மண்ணில் நன்றாக வேலை செய்தது. அக்டோபரில் கோவையில் விடத் தொடங்கினார்கள்.

பெருமையை முழுவதும் நமக்கே எழுதிக்கொள்ள நான் தயாரில்லை. கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர்கள் வேறு. ஆனால் கைப்பிடியளவு குளவிகளை வைத்துக்கொண்டு கொங்கு நாடு முழுக்க என்ன செய்வது? பெருக்க வேண்டும். பெருக்கியது நம் பல்கலைக்கழகம்.

பெருக்கிய விதம்தான் வேடிக்கை. குளவிக்கு மாவுப்பூச்சி வேண்டும், மாவுப்பூச்சிக்கு உணவு வேண்டும். அதற்கு முளைவிட்ட உருளைக்கிழங்கு. மூட்டை மூட்டையாக வாங்கி, கழுவி, முளைப்பதற்காக ஜிப்ரெலிக் அமிலக் கரைசலில் நனைத்து, இருட்டறையில் அடுக்குவோம். முளை வந்ததும் அதன்மேல் மாவுப்பூச்சியின் முட்டைப் பையை வைப்போம். ஊரெல்லாம் ஒழிக்கத் துடிக்கிற பூச்சியை நாங்கள் உட்கார்ந்து வளர்த்துக்கொண்டிருந்தோம்! நன்றாக ஏறியபின் கூண்டுக்குள் குளவியை விட்டால், உள்ளே முட்டையிட்டு மாவுப்பூச்சியைப் பழுப்பு நிறக் கூடாக்கிவிடும். அதைத் துளைத்துக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். குழாயால் மெல்ல உறிஞ்சி, தேன் தடவிய குப்பிகளில் அடைக்க வேண்டும். பலமாக உறிஞ்சினால் செத்துவிடும். அழுகின கிழங்கு வாடை அந்த அறையை விட்டுப் போனதே இல்லை. விடுதி மெஸ்ஸில் உருளைக்கிழங்குப் பொரியல் போட்ட நாட்களில் எங்கள் குழு மட்டும் ரசத்தோடு எழுந்துவிடும்.

குப்பிகள் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் போயின. அங்கேயும் பெருக்கினார்கள். சாதாரண நாட்களில் இந்த நிலையங்களைப் பார்த்தால் சும்மா கிடப்பது போலத்தான் தெரியும். அப்போதுதான் அவற்றின் அருமை புரிந்தது. எந்த ஊரில் யார் தோட்டத்தில் விட்டால் மற்றவர்கள் வந்து பார்ப்பார்கள் என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். விட்டபின் மருந்தே அடிக்காதீர்கள் என்று விவசாயியிடம் சொல்லி நம்பவைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். அதையும் அவர்கள்தான் செய்தார்கள். அடுத்த சில மாதங்களில் பூச்சி அடங்கியது. குளவி தானே பெருகிப் பரவியதால், ஆண்டுதோறும் மறுபடி வாங்க வேண்டிய செலவும் விவசாயிக்கு இல்லை.

இதனால் ஐந்தாண்டுகளில் நாட்டுக்குக் கிடைத்த பலன் 50 கோடி டாலருக்கு மேல் என்று பின்னால் பொருளியல் ஆய்வொன்று மதிப்பிட்டது. அது சேர்ந்தது பப்பாளிக்காரர், பட்டுக்காரர், மரவள்ளியில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்காரர் ஆகியோரின் கணக்கில். பல்கலைக்கழகத்தின் வரவேட்டில் அப்படியொரு வரியே இருக்காது. தரவரிசைப் பட்டியல் போடுகிறவர்கள் கண்ணிலும் அது படாது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆத்திரம் உண்டு.

2020-இல் மரவள்ளிக்கென்றே வேறொரு மாவுப்பூச்சி கேரளம் வழியாக வந்து சேலம், நாமக்கல் தோட்டங்களைப் பிடித்தது. இந்த முறை குளவி மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வந்தது. 2022 மார்ச்சில் அதை விட்ட இடம் நம் பல்கலைக்கழகத்தின் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம்.

இந்த வருடச் சங்க நிதியில் நுழைவாயில் வளைவு கட்டித் தரலாம் என்று சிலர் சொல்கிறார்கள். என் ஓட்டு அதற்கு இல்லை. அப்படியொரு நிலையத்தின் பூச்சி வளர்ப்பு அறைக்கு ஏ.சி.யும் கரண்ட் போனால் ஓட ஒரு ஜெனரேட்டரும் வாங்கிக் கொடுப்போம். வாசலில் நம் பெயர் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.