மேட் மென் பார்க்கும் இரவுகள்

ஜூன் 3, செவ்வாய்

அக்கா வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றுதான் ‘மேட் மென்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதியைப் பார்த்தேன். 1960 மார்ச், நியூயார்க், மேடிசன் அவென்யூ. விளம்பர நிறுவனத்தில் கிரியேட்டிவ் டைரக்டராக இருக்கும் டான் ட்ரேப்பருக்கு ஒரே கவலை. சிகரெட்டால் புற்றுநோய் வருகிறது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். இனி லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டை எதைச் சொல்லி விற்பது? கூட்டம் கைவிட்டுப் போகும் நேரத்தில், புகையிலையை எப்படித் தயாரிக்கிறீர்கள் என்று கேட்கிறார். வளர்க்கிறோம், வெட்டுகிறோம், பதப்படுத்துகிறோம், வறுக்கிறோம் என்கிறார்கள். ‘வறுத்தது’ என்று கரும்பலகையில் எழுதுகிறார். எல்லாரும்தானே வறுக்கிறார்கள்? இல்லை, மற்றவர்களுடையது விஷம், உங்களுடையது வறுத்தது.

இந்த வாசகம் 1917-லேயே வந்த நிஜ விளம்பர வாசகம். இருந்தும் எனக்கு உடம்பு கூசியது. அதில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

முதல் சீசன் முடிந்தது. ஸ்லைடு புரொஜெக்டருக்கு விளம்பரம் கேட்டு கோடக் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் அதைச் சக்கரம் என்கிறார்கள். டான் தன் குடும்பப் படங்களையே ஒவ்வொன்றாகத் திரையில் ஓடவிட்டு, இது சக்கரமில்லை, குடைராட்டினம் என்கிறார். சுற்றிச் சுற்றி நம்மை வீட்டுக்கே கொண்டுவந்து விடுமாம். கூட இருந்த ஒருவர் அழுதுகொண்டே வெளியே ஓடுகிறார். நானும் அழுதேன். அப்புறம் டான் வீட்டுக்குப் போனால் யாருமில்லை. படியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

ஜூலை 12, சனி

நான்காம் சீசனின் ஏழாம் பகுதி. 92 பகுதிகளில் இதற்கு மேல் ஒன்று இருக்காது என்றே நினைக்கிறேன். 1965 மே 25, குத்துச்சண்டையில் முகமது அலி லிஸ்டனோடு மோதும் இரவு. டானிடம் வேலை செய்யும் பெக்கிக்கு அன்று பிறந்தநாள். ஓட்டலில் வீட்டார் காத்திருக்க, சாம்சனைட் சூட்கேஸ் விளம்பரத்துக்காக டான் அவளை அலுவலகத்திலேயே இருத்திவைக்கிறார். செக்ரட்டரியாக வந்து, விளம்பர வாசகம் எழுதும் காப்பிரைட்டர் ஆனவள். அவர் விருது வாங்கிய விளம்பரத்தின் கரு அவளுடையது. ஒரு நன்றிகூடச் சொன்னதில்லையே என்று வெடிக்கிறாள். அதற்குத்தான் சம்பளம் என்று கத்துகிறார் டான்.

விடிந்ததும், அவரை முழுதாக அறிந்திருந்த ஒரே பெண் இறந்துவிட்ட செய்தி போனில் வருகிறது. பெக்கி முன்னால் உடைந்து அழுகிறார். கடைசியில் அவள் கைமேல் கையை வைக்கிறார். நன்றி என்ற சொல் அப்போதும் வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

இன்று எதுவும் பார்க்கவில்லை. அந்தக் கை மனதிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

கடைசிப் பகுதியும் ஆயிற்று. கடலோரக் குன்றின்மேல் கண்மூடி அமர்ந்த டான் புன்னகைக்கிறார், உடனே 1971-இன் கோகோ கோலா மலைப்பாட்டு விளம்பரம் வருகிறது. நிஜத்தில் அது மெக்கேன் எரிக்சன் விளம்பர நிறுவனத்தின் பில் பேக்கர் கண்ட யோசனை. எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். எனக்கு டானின் முதல் மனைவிதான் முக்கியம். மறுமணம் செய்து, படிக்கப் போன கல்லூரிப் படியில் விழுந்து, நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவருகிறது. டாக்டர் அவளிடம் சொல்லாமல் முதலில் கணவரைத் தேடுகிறார். முதல் சீசனில் மனநல மருத்துவரும் இப்படித்தான், அவள் மனம் திறந்து பேசியதையெல்லாம் டானிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியாக அவளைப் பார்ப்பது சமையலறையில். மகள் சாலி பாத்திரம் கழுவுகிறாள். அம்மா மேசையருகே உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறாள். 1970-இன் கடைசி மாதங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் நிற்க 1971 ஜனவரி 2 வர வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மனது கேட்காமல் முதல் பகுதியை மறுபடி போட்டேன். லக்கி ஸ்ட்ரைக் கூட்டத்தில் ஜெயித்துவிட்டு, அன்றிரவு டான் ரயிலேறி வீட்டுக்குப் போகிறார். அவருக்கு மனைவி, குழந்தைகள் இருப்பதே அங்கேதான் நமக்குத் தெரிகிறது. தூங்கும் இரண்டு பிள்ளைகளின் தலையிலும் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். அறை வாசலில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.