காது ஒழுகிய குழந்தையும் மருத்துவர் கேட்ட கேள்விகளும்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கும் எங்களுக்கு, சளிக்காய்ச்சலை அடுத்துக் குழந்தையின் காது ஒழுகுவது புதிய செய்தியன்று. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இரண்டு சொட்டு விட்டால் போதும் என்று லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். ஒரு வயது நிறைந்த என் மகளுக்கு மறுமுறை சீழ் வடிந்தபோது அரசாங்கக் கிளினிக்குக்குக் கொண்டு சென்றேன். செவிப்பறையில் துளை விழுந்திருக்கும்போது எதையும் ஊற்றக்கூடாது, வெளியே வடிவதை மட்டும் துடைக்க வேண்டும் என்று தாதி சொன்னார்.

மருத்துவர் காதைப் பார்த்துவிட்டு, வீட்டில் யார் புகைக்கிறார்கள், குழந்தையைப் படுக்க வைத்தே புட்டிப்பால் கொடுப்பதுண்டா, ரப்பர் சூப்பானைப் பயன்படுத்துகிறாளா, பகலில் பல குழந்தைகளோடு இருக்கிறாளா என்று வரிசையாகக் கேட்டார். மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் சிறு குழந்தைகளுக்குக் குட்டையாகவும் ஏறக்குறையக் கிடையாகவும் இருப்பதால், சளியும் கிருமியும் எளிதில் உள்ளே போய்விடுகின்றன. அதனால்தான் 6 மாதத்திலிருந்து 2 வயதுக்குள் நடுச்செவித் தொற்று எனும் இந்நோய் மிகுதியாக வருகிறது. சிகரெட் புகை அக்குழாயின் உட்புறத்தை வீங்கச் செய்து அடைத்துவிடும். வேலைக்குப் போகும் தாய் குழந்தைப் பராமரிப்பு இல்லத்தைத் தவிர்க்க முடியாது. புகையும் படுக்கைப் புட்டியும் நம் கையில் உள்ளவை. லய வீட்டு வாசலில் நின்று புகைத்தாலும் புகை சன்னல் வழியே உள்ளேதான் வரும் என்பதால், என் மாமனார் அன்றே சாலையோரச் செம்பனை மரத்தடிக்கு மாறிவிட்டார்.

மருந்தை முழுவதும் கொடுத்த பின் சீழ் நின்றது. ஆயினும் பின்னாலிருந்து கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை. ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தந்தார்கள். அங்கே காதில் மென்மையான முனையொன்றை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றி அளந்தபோது, திரையில் மேடாக எழவேண்டிய கோடு தட்டையாகக் கிடந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கிறது, பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தானே வடிந்துவிடும், வடியாவிட்டால் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார் நிபுணர். பேச்சு பழகும் வயதில் காது மந்தமாக இருப்பதுதான் எனக்குப் பெருங்கவலையாக இருந்தது. எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசச் சொன்னார்கள், அப்படியே செய்தோம்.

2020 ஜனவரி 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு 4, 6, 15ஆம் மாதங்களில் இலவசமாகப் போடப்படும் நியூமோகோக்கல் தடுப்பூசி, இந்நோயைத் தரும் கிருமிகளில் சிலவற்றைத் தடுக்கிறது. அந்த ஊசிக்காகத் தாய்மார் காத்திருக்கும் நேரத்திலேயே மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்விகளை எல்லோரிடமும் கேட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மறுபரிசோதனையில் கோடு மேடாக எழுந்தது, குழாய் தேவைப்படவில்லை. இனிச் சளி பிடித்துக் காது வலித்தால் காத்திராமல் கொண்டுவரும்படி சொல்லியிருக்கிறார்கள்.