எட்டுப் பேணித் தண்ணீர்

விடுதிக் கிணறு நல்ல தண்ணீர், மைதானத்துக் கிணறு கொஞ்சம் சவர், உப்புக் கரிக்கும். யாழ்ப்பாணத்தில் நம் கல்லூரியில் படித்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சுண்ணாம்புக் கல்லுக்குள் கடல்நீரின் மேல் மிதக்கிற மெல்லிய நன்னீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். இறைக்க இறைக்கச் சவர் ஏறும் என்பது சின்ன வயதிலேயே நாக்குக்குத் தெரிந்த பாடம். அந்த இரண்டு கிணறுகளையும் வைத்து 1982இல் எங்கள் விலங்கியல் சேர் செய்த ஒரு காரியத்தை இந்தப் பழைய மாணவர் மலரில் எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்திருந்தேன். லண்டனில் உளவியல் படித்து, அதிலேயே வேலை செய்து, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆய்வு முறை என்று நான் கற்றதெல்லாம் அந்த ஒரு காலைப்பொழுதில் இருந்தது.

என் வகுப்புத் தோழன் ஒருவன் தீவகத்திலிருந்து வந்து விடுதியில் நின்று படித்தான். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நெடுந்தூரம் நடக்கிற ஊர் அவனுடையது. ஒருநாள் பாடம் தொடங்குமுன், "கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தக் கிணத்துத் தண்ணி எண்டு சொல்லுவன்" என்று அடித்துச் சொன்னான். மழைக்குப் பிறகு இரண்டும் ஒன்றுதான் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். சத்தத்தைக் கேட்டபடி சேர் உள்ளே வந்தார். யாரையும் ஏசவில்லை.

"நீ சொல்லுவாய் தம்பி. அதை எங்களுக்கு எப்பிடிக் காட்டுவாய்?"

இரண்டு பேணியைக் கொடுத்தால் போதும் என்றான். சேர் தலையை ஆட்டினார். இரண்டு பேணியென்றால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதிக்குப் பாதி சரிவரும். எட்டுப் பேணி வைப்போம், நான்கில் விடுதித் தண்ணீர், நான்கில் மைதானத்துத் தண்ணீர், நாலு நாலு என்பதை உனக்கு முன்பே சொல்லிவிடுவோம், விடுதித் தண்ணீர் நான்கையும் நீ பிரித்துத் தர வேண்டும் என்றார். பிறகு அவனைத் தனியே வராந்தாவுக்குக் கூட்டிப் போய் ஏதோ கேட்டார். விருப்பமில்லாவிட்டால் செய்ய வேண்டாம், யாரும் உன்னைக் குறைவாக நினைக்க நான் விடமாட்டேன் என்றாராம். அவன் பின்னர் எனக்குச் சொன்னது. எல்லோர் முன்னிலையிலும் கேட்டிருந்தால் அவனால் மறுத்திருக்க முடியாது. 1920இல், மறுக்கவே முடியாத ஒரு சின்னக் குழந்தைக்குப் பயத்தைப் பழக்கிய அமெரிக்கப் பரிசோதனையைப் படித்தபோது எனக்கு அந்த வராந்தாதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் நாங்கள் ஆய்வுகூடத்துக்குப் போனபோது, முதல்நாள் பின்னேரமே இரண்டு கிணற்றிலும் அள்ளிய தண்ணீர் இரண்டு மண்பானைகளில் மூடியிருந்தது. ஏன் இப்போது புதிதாக அள்ளவில்லை என்று கேட்டோம். ஒரு கிணறு நிழலில், மற்றது வெயிலில். இப்போது அள்ளினால் ஒன்று குளிர்ந்திருக்கும், அவன் நாக்கு சவரைச் சொல்கிறதா குளிரைச் சொல்கிறதா என்று எப்படித் தெரியும் என்று எங்களையே திருப்பிக் கேட்டார். இரண்டையும் ஒரே வேட்டித் துணியால் வடித்திருந்தார். பேணிகள் எல்லாம் விடுதியின் ஒரே அளவு எவர்சில்வர் பேணிகள். ஒன்றின் விளிம்பு நசுங்கியிருந்ததைக் கண்டு அதை மாற்றிவிட்டு வேறொன்று எடுத்து வைத்தார்.

சோக்குப் பெட்டிக்குள் எட்டுக் கடதாசித் துண்டுகள் இருந்தன. நாலில் 'வி', நாலில் 'மை'. பெட்டியைக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்து, வந்த ஒழுங்கிலே ஊற்ற வேண்டும். மனம்போன ஒழுங்கில் ஊற்றினால் ஊற்றுகிறவரின் பழக்கம் அதில் படியும், அந்தப் பழக்கத்தை இவன் கண்டுபிடித்தாலும் பிடிப்பான் என்றார். எழுமாறு (random) என்ற சொல்லை நான் கணிதப் புத்தகத்தில் படித்திருந்தேன். அது எதற்கு என்று விளங்கியது அன்றைக்குத்தான்.

ஊற்றியது சேர் அல்ல. ஆய்வுகூடத்து ஐயா ஊற்றி, எந்த இலக்கத்தில் எது என்று எழுதிக் கடித உறையில் ஒட்டி வைத்துவிட்டுப் பின்கதவால் போய்விட்டார். அதுவரை சேரும் எங்களோடு வெளியில் நின்றார்.

"நான் பாத்தா என்ர முகம் சொல்லிப்போடும்" என்றார்.

தோழன் குடித்தான். ஒரு பேணிக்கும் அடுத்ததற்கும் இடையே வாய் கொப்பளிக்க மூன்றாவது தண்ணீர் இருந்தது. ஐந்தாவது பேணியில் நெடுநேரம் நின்றான். கண்ணை மூடி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, திரும்பவும் குடித்தான். வகுப்பே மூச்சுவிடாமல் பார்த்தது. நான்கைப் பிரித்து வைத்தான். உறையைக் கிழித்தார்கள். நான்கில் மூன்று சரி.

நாங்கள் கைதட்டினோம். சேர் கரும்பலகைக்குப் போனார். எட்டிலிருந்து நாலைத் தெரிவுசெய்ய 70 வழிகள். நாலும் சரியாக வருவது ஒரே ஒரு வழி. மூன்று சரியாக வருவது 16 வழி. ஆக, ஒன்றும் தெரியாத ஒருவனுக்குக்கூட மூன்றோ அதற்கு மேலோ சரிவர 70இல் 17 வழி இருக்கிறது. கிட்டத்தட்ட நாலு பேரில் ஒருவன் நாக்கே இல்லாமல் இதைச் செய்வான். தோழனின் முகம் வாடிப் போயிற்று. சேர் சோக்கை வைத்துவிட்டு அவன் தோளில் கை போட்டார்.

"உனக்குத் தெரியாது எண்டு நான் சொல்லேல்லை. உனக்குத் தெரியும் எண்டு இண்டைக்கு நாங்கள் காட்டேல்லை. அவ்வளவுதான்."

இந்த இரண்டு வசனத்துக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பட்டதாரிகளுக்கு விளங்கப்படுத்த நான் பிற்காலத்தில் முழுத் தவணையும் எடுத்திருக்கிறேன். சிலருக்கு அப்போதும் விளங்கவில்லை.

அடுத்த கிழமை திரும்பவும் செய்தோம். அதே பானை, அதே பெட்டி, புதிய குலுக்கல். இந்த முறை நான்கும் சரி. சேர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். 1/70 என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினார். அதன் கீழே 'மூன்றாம் முறை' என்று எழுதிக் கோடு போட்டார். நாங்கள் முணுமுணுத்தோம். ஒருமுறை வந்தது திரும்ப வருகிறதா என்று பார்க்காமல் தான் எதையும் நம்புவதில்லை என்றார். அந்த மூன்றாம் முறை நடக்கவில்லை. நாட்டு நிலைமை கெட்டது, பாடசாலை அடிக்கடி பூட்டப்பட்டது, பரீட்சை வந்தது, நாங்கள் சிதறிப்போனோம்.

லண்டனில் இரவில் பெற்றோல் நிலையத்தில் நின்று பகலில் படித்த காலத்தில், புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935இல் எழுதிய நூல் ஒன்று கைக்கு வந்தது. தேநீரில் பாலை முதலில் ஊற்றினார்களா பிறகு ஊற்றினார்களா என்று ருசியில் சொல்வேன் என்ற ஒரு பெண்மணி, எட்டுக் கோப்பை, நாலுக்கு நாலு, 70 வழி. நூலகத்தில் இருந்தபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேர் தன் பல்கலைக்கழகக் காலத்தில் அதைப் படித்திருக்க வேண்டும். எங்களுக்குப் பெயர் சொல்லவில்லை, தேநீரைக் கிணற்றுத் தண்ணீராக்கித் தந்தார்.

"என்ர முகம் சொல்லிப்போடும்" என்பதன் பொருள் பெர்லின் குதிரையின் கதையைப் படித்தபோது முழுதாக விளங்கியது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் வொன் ஓஸ்டன் வளர்த்த ஹான்ஸ் என்ற குதிரை, கூட்டல் கழித்தல் கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904இல் கூடிய குழுவில் சர்க்கஸ் நடத்துபவரும் இருந்தார், மிருகக்காட்சிசாலைப் பொறுப்பாளரும் இருந்தார். ஏமாற்று ஏதும் இல்லை என்றே அவர்கள் முடிவு சொன்னார்கள். ஏமாற்று இல்லை என்பதும் உண்மைதான். பிறகு ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர், கேட்பவருக்கே விடை தெரியாதபடி கேள்விகளை அமைத்துப் பார்த்தார். குதிரைக்கு விடை வரவில்லை. கேட்பவரைக் குதிரையின் கண்ணுக்கு மறைத்தபோதும் வரவில்லை. கேள்வி கேட்டதும் குளம்பைப் பார்க்க இலேசாகக் குனிகிற கேட்பவரின் தலை, சரியான எண் வந்ததும் தன்னை அறியாமல் நிமிர்கிறது. குதிரை அதைப் பார்த்து நிறுத்துகிறது. இதைக் கண்டுபிடித்த ஃபுங்ஸ்ட்டுக்குத் தன் தலையை முழுதாக அடக்க முடியவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது.

1963இல் ரோசந்தால், ஃபோட் என்ற இருவர் 12 மாணவர்களுக்கு ஆளுக்கு ஐந்து எலி கொடுத்தார்கள். சிலரிடம் இவை கெட்டிக்கார எலிகள் என்றும், மற்றவர்களிடம் மந்தமானவை என்றும் சொன்னார்கள். எல்லாம் ஒரே இன எலிகள். 'கெட்டிக்கார' எலிகளே புதிர்ப்பாதையில் நன்றாக ஓடியதாகக் கணக்கு வந்தது.

இதையெல்லாம் படித்த பிறகும் நான் தவறினேன். ஆய்வு உதவியாளராக இருந்தபோது, கதை கேட்டவர்கள் திருப்பிச் சொன்னதற்குப் புள்ளி போடும் வேலை எனக்குத் தரப்பட்டது. யார் எந்தக் குழு என்பது தாளின் மூலையில் எழுதியிருந்தது. நான் நேர்மையாகத்தான் புள்ளி போட்டேன். பிறகு குழு தெரியாத இன்னொருவர் அதே தாள்களுக்குப் போட்டார். தெளிவான விடைகளில் எங்களுக்குள் வித்தியாசமே இல்லை. அரைகுறை விடைகள், கொடுக்கலாமா விடலாமா என்று தயங்கும் இடங்கள், அவை எல்லாவற்றிலும் என் கை நாங்கள் எதிர்பார்த்த குழுவின் பக்கமே சாய்ந்திருந்தது. என் புள்ளிகள் முழுவதையும் நீக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன். அன்று இரவு நித்திரை வரவில்லை.

இன்னொன்றையும் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டும். அகதிகளாக வந்த நம் ஆட்களுக்காக ஆங்கில வினாக்கொத்து ஒன்றைத் தமிழாக்கினோம். விதிப்படி ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பாராத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். சொல்லுக்குச் சொல் பொருந்தி வந்தது. முதலில் வந்தவர் வயதான ஓர் அம்மா. "கடந்த இரண்டு வாரத்தில் கவலையாக இருந்தீர்களா?" என்று வாசித்தேன்.

"கவலை ஒண்டுமில்லைத் தம்பி."

பூச்சியம் என்று குறித்தேன். அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே மெல்லச் சொன்னார்: "ஒரே யோசினைதான். விடிய விடிய யோசினை. நெஞ்சுக்குள்ள பதறுது."

அவருக்குக் கவலை என்றால் செத்தவீடு. மகனின் கடிதம் வராததெல்லாம் யோசனை. தாள் சரி, மொழிபெயர்ப்புச் சரி, அளந்ததுதான் பிழை. அந்தத் தாளை நிறுத்தி, நம் ஊர் ஆட்கள் இருபது பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, உங்களுக்கு இது என்ன கேட்கிறது என்று விசாரித்த பிறகே திரும்பத் தொடங்கினோம். இன்றும் தமிழில் வருகிற வினாக்கொத்துகளை இந்தக் கண்ணோடுதான் வாசிக்கிறேன்.

2015இல், வெளியான 100 உளவியல் ஆய்வுகளைப் பலர் கூடித் திரும்பச் செய்தபோது, சுமார் 36 வீதமே புள்ளியியல் அளவில் பழையபடி தேறின. இதை வைத்து உளவியலே பொய் என்று சொன்ன நண்பர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தன் வீட்டுக் கணக்கைத் தானே கொட்டிப் பார்த்துப் பிழையை ஊருக்குச் சொன்ன துறை அது. மூன்றாம் முறைக்குக் கோடு போட்டவர்களை நான் மதிக்கிறேன்.

சேர் காலமானபோது ரொறன்ரோவிலிருந்து என் தோழன் தொலைபேசி எடுத்தான். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூண்டாந்தரம் செய்யாமலே விட்டிட்டம், என்ன?" என்றான்.

வருகிற ஆவணியில் இருவரும் ஊருக்குப் போகிறோம். விடுதிக் கிணற்றுக்கு இப்போது மோட்டர் போட்டிருக்கிறார்கள், மைதானத்துக் கிணறு கம்பிவலை போட்டு அப்படியே இருக்கிறது என்று அறிந்தேன். எட்டுப் பேணியும் சோக்குப் பெட்டியும் நான் பார்த்துக்கொள்வேன். அந்த நேரம் ஊரில் நிற்கிற பழைய மாணவர் ஒருவர் தண்ணீர் ஊற்ற முன்வந்தால் நல்லது. ஊற்றிவிட்டு, உறையை ஒட்டி வைத்து, நாங்கள் உள்ளே வருமுன் அவர் பின்கதவால் போய்விட வேண்டும்.