இரண்டு பட்டியல்களும் ஒரு தலைப்பும்

குவாண்டம் ஒளியியல் ஆய்வகத்தில் என் வேலையின் பெரும்பகுதி எண்ணுவதுதான். லேசர் கதிர் படிகத்தில் பட்டு இணை இணையாகப் பிறக்கும் ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, இரு திசைகளில் அனுப்பி, இரு முனைகளிலும் உள்ள டிடெக்டர்கள் எந்தக் கணத்தில் எந்தத் தளவிளைவை (ஒளி அதிரும் திசையை) பதிவு செய்தன என்று குறித்துக்கொள்வோம். ஒரு முனையின் பட்டியலை மட்டும் பார்த்தால், நாணயத்தைச் சுண்டிக் கிடைத்த முடிவுகளைப் போல அதில் எந்த ஒழுங்கும் தெரியாது. இரண்டு பட்டியல்களையும் சாதாரணக் கம்பி வழியாக ஒரே கணினிக்குக் கொண்டுவந்து, ஒரே கணத்தில் பதிவானவற்றைப் பொருத்திப் பார்த்த பிறகுதான், இரு துகள்களின் முடிவுகளும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் குவாண்டம் பின்னல் வெளிப்படும்.

எங்கள் சோதனையைப் பற்றி எழுத வந்த செய்தியாளர் ஒருவரிடம் இதை நெடுநேரம் விளக்கினேன். மறுநாள், 'ஒளியை விட வேகமாகப் பாய்ந்த தகவல்' என்று தலைப்பு வந்திருந்தது. கோபத்தோடு எங்கள் நிறுவனத்தின் செய்திக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 'கணப்பொழுதில் நிகழும் தொடர்பு' என்ற சொற்கள் அதிலேயே இருந்தன. பட்டியல்களைப் பொருத்துவது பற்றிய வாக்கியம் இல்லை. இடம் போதவில்லை என்று அதை நீக்கச் சொன்னவன் நான்தான்.

'டெலிபோர்ட்டேஷன்' என்ற சொல்லை 1993-இல் குவாண்டம் இயற்பியலுக்குள் கொண்டுவந்தவர்களும் இயற்பியலாளர்களே. அதில் இடம் மாறுவது துகள் அல்ல, அதன் நிலை. குவாண்டம் தகவலின் அடிப்படை அலகான க்யூபிட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிட் தகவல் வழக்கமான வழியில் போய்ச் சேராமல் அந்த நிலையை மறுமுனையில் மீட்க முடியாது. சலிப்பூட்டும் இந்தப் பகுதிதான் செய்தியில் முதலில் உதிர்கிறது. 2022 இறுதியில் 9 க்யூபிட்களைக் கொண்டு ஓர் எளிய மாதிரியை இயக்கிய சோதனை, வெளியின் இரு இடங்களைக் குறுக்குவழியாக இணைப்பதாகக் கருதப்படும் புழுத்துளையையே உருவாக்கிவிட்டதாகச் செய்தியானது. வெளியில் எந்த வாயிலும் திறக்கவில்லை; ஒரு சில்லில் கணக்கீடு நடந்தது, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும், விளக்கத்துக்கு முன் ஒரே ஒரு பட்டியலை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுகிறேன். அண்மையில் வந்த இளம் செய்தியாளர் அதைப் புரட்டிவிட்டு, "இதில் ஒன்றுமே இல்லையே, சார்?" என்றார். அதைத்தான் முதலில் எழுதுங்கள் என்றேன். நான்காவது பத்தியில் எழுதியும் இருந்தார். தலைப்பில் மட்டும் 'மாயத் தொடர்பு' என்று இருந்தது.